குறியிடலில் சிக்கிக்கொண்டால்: நேர்காணல் தரவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நேர்காணல்கள் முடிந்துவிட்டன. ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சும் செய்தாகிவிட்டது. இனி குறியிட வேண்டும், அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சொல்லும் சிறு பெயர் (குறியீடு) கொடுக்க வேண்டும். பண்புசார் ஆய்வு செய்யும் பலர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். குறியிடலைப் படிப்படியாகச் சொல்லித்தரும் நூல்கள் நிறைய உண்டு. நடுவில் கோளாறானால் எங்கே திரும்பிப் போய்ப் பார்ப்பது என்று சொல்பவை குறைவு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிகுறி தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. கருப்பொருள் (பல குறியீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் மையக் கருத்து) கிடைக்கவில்லை என்றால் குறியீடுகளைப் பாருங்கள். குறியீடுகள் சரியாக அமையவில்லை என்றால் ஆய்வுக் கேள்வியைப் பாருங்கள். ஒரு படி பின்னால் போனாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

விளக்கத்துக்கு ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிய பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள். ஆய்வுக் கேள்வி: கடன் பணம் வீட்டுக்குள் வந்த பிறகு, அதைப் பற்றிய முடிவுகளை யார், எப்படி எடுக்கிறார்கள்? கீழே வரும் பேச்சுகளும் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக நானே எழுதியவை.

அறிகுறி: குறியீடுகள் எல்லாம் வெறும் தலைப்புகளாக இருக்கின்றன

பட்டியலைத் திறந்தால் 'கடன்', 'கணவர்', 'குழு', 'வங்கி', 'பிள்ளைகள்' என்று வரிசையாக நிற்கும். எல்லாப் பத்திகளுக்கும் குறியிட்டு முடித்திருப்பீர்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. எனக்குத் தெரிந்து மிக அதிகமாகக் காணப்படும் கோளாறு இதுதான். மற்ற பல கோளாறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இந்தப் பகுதியைப் பாருங்கள்:

"லோன் என் பேர்லதான் எடுத்தோம். கையெழுத்துப் போட்டது நான். ஆனா பாஸ்புக் அவருகிட்ட இருக்கு. கேட்டா, அது உனக்கு எதுக்கும்பாரு. மாசாமாசம் கட்டுறது மட்டும் நான்தான். பால் காசுல மிச்சம் பிடிச்சுக் கட்டுறேன். குழுவுல இது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவருக்குத்தான அசிங்கம்."

இதற்கு 'கடன்', 'கணவர்', 'குழு' என்று மூன்று குறியீடுகள் போட்டால் தவறென்று யாரும் சொல்ல முடியாது. பயன்தான் இருக்காது. பிறகு 'கணவர்' என்ற குறியீட்டைத் திறந்தால், கணவர் மருந்து வாங்கி வந்தது, கணவர் இறந்தது, கணவர் பாஸ்புக்கை வைத்துக்கொண்டது எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். அதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

இதே பகுதியை நம் ஆய்வுக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வேறு குறியீடுகள் கிடைக்கின்றன. 'கையெழுத்து தன்னுடையது, பாஸ்புக் கணவரிடம்.' 'கணக்குக் கேட்டால் தட்டிக்கழிக்கப்படுதல்.' 'தன் வருமானத்தில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டுதல்.' 'கணவரின் மானத்துக்காகக் குழுவிடம் மறைத்தல்.' கடைசிக் குறியீட்டைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவரே பாதிப்பை மூடி மறைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறார். கடன் பணத்தின் மீதான முடிவு ஏன் குழுவின் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது என்பதற்கு இங்கே ஒரு துப்பு இருக்கிறது. 'குழு' என்ற ஒற்றைச் சொல்லில் அது புதைந்துபோயிருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. குறியீட்டுப் பட்டியலை மட்டும், பத்திகள் இல்லாமல், ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். "இந்தப் பெண்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். பட்டியலைப் பார்த்தே அவரால் கொஞ்சமாவது சொல்ல முடிந்தால் குறியீடுகள் வேலை செய்கின்றன. "ஏதோ கடன் சம்பந்தமான ஆய்வு" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால் திரும்பப் போக வேண்டும்.

சரிசெய்ய, ஒவ்வொரு பத்தியிலும் 'எதைப் பற்றி?' என்று கேட்பதை விட்டுவிட்டு 'என்ன செய்கிறார்? என்ன நடக்கிறது? எதை அனுமானமாக எடுத்துக்கொண்டு பேசுகிறார்?' என்று கேளுங்கள். பண்புசார் ஆய்வுமுறை அறிஞர் கேத்தி சார்மாஸ் குறியீடுகளைச் செயலாகப் பெயரிடச் சொல்கிறார். தமிழில் இதற்குத் தொழிற்பெயர் கைகொடுக்கிறது: மறைத்தல், விட்டுக்கொடுத்தல், கணக்குக் கேட்டல், கேட்காமல் இருத்தல். சில இடங்களில் பேசியவரின் சொல்லையே குறியீடாக வைத்துவிடலாம். 'அது உனக்கு எதுக்கு' என்ற வாக்கியம் நான்கு நேர்காணல்களில் நான்கு கணவர்களின் வாயிலிருந்து வந்திருந்தால், அதைவிட நல்ல பெயரை நாம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தலைப்புக் குறியீடுகள் எப்போதும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். நேர்காணல்கள் ஐம்பது அறுபது என்று இருந்து, குழுவாக வேலை செய்தால், முதல் சுற்றில் பிரித்து அடுக்க அவை தேவைப்படும். அந்தச் சுற்றோடு குறியிடல் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் கோளாறு.

அறிகுறி: பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, குறியீடுகள் முந்நூறைத் தாண்டிவிட்டன

முதலில் பயப்பட வேண்டாம். முதல் சில நேர்காணல்களை வரிக்கு வரி குறியிட்டால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். பத்தாவது நேர்காணலிலும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தால்தான் பார்க்க வேண்டும்.

குறியீடுகளை, எத்தனை இடங்களில் பயன்பட்டன என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். குறியிடுவதற்கான மென்பொருள்களான என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ எல்லாவற்றிலும் இது முடியும். இலவசமாகக் கிடைக்கும் டேகெட், க்யூவல்கோடர் போன்றவற்றிலும் பட்டியலை வெளியே எடுத்து எக்ஸெல்லில் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்த குறியீடுகள் பாதிக்கு மேல் இருந்தால், நீங்கள் பத்திகளைச் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு குறியீடு இன்னொரு பத்திக்கும் பொருந்தினால்தான் ஒப்பிட முடியும்.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, ஆளைப் பற்றிய விவரங்களைக் குறியீடாக்குவது. 'வயது 40க்கு மேல்', 'கைம்பெண்', 'குழுத் தலைவி' போன்றவை நேர்காணல் முழுவதற்கும் பொருந்தும் பண்புகள். அவற்றைத் தனி அட்டவணையில் வையுங்கள். மென்பொருள்களில் அதற்கென்றே தனி இடம் இருக்கிறது. மற்றொன்று, இரண்டு செய்திகளை ஒரே குறியீட்டில் கட்டிவிடுவது. 'பயத்தால் மறைத்தல்', 'மானத்துக்காக மறைத்தல்', 'பயத்தால் கட்டுதல்', 'மானத்துக்காகக் கட்டுதல்' என்று நான்கு வைப்பதைவிட, காரணத்தைத் தனியாகவும் செயலைத் தனியாகவும் குறித்து, ஒரே பத்தியில் இரண்டையும் போட்டுவிட்டால் போதும். எங்கெங்கே சேர்ந்து வருகின்றன என்பதை மென்பொருளே எடுத்துக் கொடுத்துவிடும்.

இணைப்பதற்கு முன்னால் கோப்பைத் தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைத்த குறியீட்டை மறுபடி பிரிப்பது பெரும்பாடு. அப்புறம், எல்லாக் குறியீடுகளையும் துண்டுச்சீட்டுகளில் அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். திரையில் உருட்டி உருட்டிப் பார்க்கும்போது தெரியாத ஒற்றுமை தரையில் சட்டென்று தெரியும்.

அறிகுறி: ஒரு குறியீடு மட்டும் ஊதிவிட்டது

'அழுத்தம்' என்ற குறியீட்டில் மட்டும் நூற்றைம்பது பகுதிகள். எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் அதில் போட்டிருப்பீர்கள். அந்தக் குறியீட்டின் கீழ் வந்த எல்லாவற்றையும் ஒரே அமர்வில், வேறெதையும் திறக்காமல் படியுங்கள். முப்பது நாற்பது பகுதிகளுக்குள் அது தானாகவே இரண்டாக அல்லது மூன்றாகப் பிரிந்து நிற்கும்: குழுவின் அழுத்தம், வீட்டின் அழுத்தம், தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அழுத்தம். பிரியவே இல்லை என்றால், உங்களிடம் இருப்பது ஒருவேளை குறியீட்டைவிடப் பெரியது, ஒரு கருப்பொருளின் கரு. அதை அப்படியே வைத்து ஒரு மெமோ (உங்களுக்காக நீங்களே எழுதிக்கொள்ளும் பகுப்பாய்வுக் குறிப்பு) எழுதிவிடுங்கள்.

அறிகுறி: மென்பொருளில் தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல்கூடக் கிடைக்கவில்லை

தமிழ் போன்ற மொழிகளில் தரவு வைத்திருப்பவர்களுக்கு வரும் சோதனை இது. வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்குப் பதில் இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கீழே உள்ள வரிசையில் சோதித்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் எழுத்துரு. கோப்பைத் திறந்து சில வரிகளைத் தேர்ந்தெடுத்து ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழ் அப்படியே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உடைந்துபோனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. இலங்கையில் தட்டச்சுக் கடைகளில் கொடுத்து வாங்கிய கோப்புகளில் பாமினி இன்னும் சர்வசாதாரணம். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு பக்கத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நேர்காணலில் உண்மைப் பெயர்கள் இருந்தால் இணைய மாற்றியில் ஒட்டுவதற்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

யூனிகோடுதான், ஆனாலும் 'கொடுத்தேன்' என்று தேடினால் சில இடங்கள் விடுபடுகின்றன என்றால் இரண்டாவது சோதனை. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியாகச் சேமிக்கலாம். அல்லது எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருள் இதைச் சமன்செய்யாவிட்டால் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இறக்குமதி செய்வதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துச் சேமிக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு வரி வேலை. 'கௌரவம்' போன்ற சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பலர் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளரவம்' என்று தட்டச்சு செய்வார்கள். இது எழுத்தே வேறு என்பதால் என்எஃப்சி இதைத் திருத்தாது. தேடி மாற்றினால்தான் உண்டு. மானம், கௌரவம் பற்றிய ஆய்வில் இந்த ஒரு சொல் நழுவினால் எவ்வளவு நழுவும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பிடிஎஃப். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எடுத்த எழுத்துகளில் கொம்பும் காலும் அடிக்கடி இடம் மாறிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் தவிர, வேர்டு கோப்பையோ யூடிஎஃப்-8 உரைக்கோப்பையோ இறக்குமதி செய்யுங்கள்.

நான்காவது காரணம் இலக்கணம். 'பணம்' என்று தேடினால் 'பணத்தை', 'பணத்துக்கு' எதுவும் வராது. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது. சரி, 'பண' என்று மட்டும் தேடலாமே என்றால் 'பண்ணினேன்', 'பண்ணுவாரு' எல்லாம் வந்து குவியும். கணினிக்குப் புள்ளி தனி எழுத்து என்பதால் 'பண்' என்பதற்குள்ளும் 'பண' இருக்கிறது. ஆகவே 'பணம்', 'பணத்த' என்று இரண்டு தேடல்கள். அதோடு 'காசு', 'துட்டு', 'ரூவா'. பேச்சு வழக்கை அப்படியே எழுதியிருந்தால் 'வீட்ல', 'வூட்ல' என்று இன்னும் கிளைகள் வரும். எழுத்தாக்கம் செய்யத் தொடங்கும் முன்பே எந்தெந்தப் பேச்சு வடிவத்தை எப்படி எழுதுவது என்று ஒரு பக்க விதி எழுதி, தட்டச்சு செய்யும் எல்லாரிடமும் கொடுத்துவிட்டால் இதில் பாதித் தொல்லை குறையும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் தேடலை நம்பித் தானாகக் குறியிட வைக்காதீர்கள். 'கடன்' என்று தேடித் தானியங்கியாகக் குறியிட்டால், "கடனேன்னு கூட்டத்துக்குப் போயிட்டு வருவேன்" என்ற வரிக்கும் கடன் குறியீடு விழும். பாஸ்புக்கை மறைத்ததைப் பற்றி ஒரு பெண் கடன் என்ற சொல்லையே சொல்லாமல் பத்து நிமிடம் பேசியிருப்பார். அது விடுபடும். படித்துக் குறியிடுங்கள், ஏதாவது தவறியதா என்று பார்க்க மட்டும் தேடுங்கள்.

மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் குறியிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று தோன்றும். அந்தக் குறுக்குவழியைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். கணவரை அதுவரை 'அவரு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாஸ்புக் பேச்சு வந்ததும் 'அவன்' என்று மாறினால், குறியிட வேண்டிய இடமே அதுதான். தமிழிலேயே குறியிட்டுவிட்டு, அறிக்கையில் போகும் மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

அறிகுறி: இரண்டு பேர் குறியிட்டால் ஒத்துப்போவதில்லை, காப்பா மதிப்பு மிகக் குறைவு

காப்பா என்பது இருவரின் குறியிடல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லும் எண். முதல் கேள்வி: இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையா? விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் சொல்லும் தற்சிந்தனைக் கருப்பொருள் பகுப்பாய்வில், குறியிடுபவரின் வாசிப்பே பகுப்பாய்வின் கருவி. இருவரும் ஒரே மாதிரி குறியிட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அங்கே இல்லை. முறையியல் அத்தியாயத்தில் அவர்கள் பெயரை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் காப்பா மதிப்பைப் போடுவது முன்னுக்குப் பின் முரண். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விவரம் தெரிந்தவர் இருந்தால் முதலில் இதைத்தான் பிடிப்பார். இருவர் குறியிட்டதைப் பேசி, எங்கே, ஏன் வேறுபட்டோம் என்று எழுதினாலே அந்த முறைக்கு அது பலம்.

குறியீடுகளின் வரையறைகளைத் தொகுத்த குறியீட்டு ஏடு ஒன்றை வைத்து நான்கைந்து பேர் பிரித்துக் குறியிடுகிறீர்கள் என்றால், ஒத்துப்போவது அவசியம்தான். அப்போது எண் குறைவாக வந்தால், முதலில் எண்ணையே சந்தேகியுங்கள். ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த காப்பா, தற்செயலாக ஒத்துப்போகும் அளவைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறது. அரிதாக வரும் குறியீட்டில் அது கடுமையாகச் சரியும். 100 பகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். 'குழுவிடம் மறைத்தல்' என்ற குறியீட்டை இருவரும் சேர்ந்து போட்டது 2 இடங்களில். இருவருமே போடாதது 90. ஒருவர் மட்டும் போட்டது 4, மற்றவர் மட்டும் போட்டது 4. ஒத்துப்போனது 92 சதவீதம். ஆனால் இருவருமே நூற்றுக்கு 6 இடங்களில்தான் இந்தக் குறியீட்டைப் போடுகிறார்கள் என்பதால், தற்செயலாகவே 88.7 சதவீதம் ஒத்துப்போகும். காப்பா 0.29-தான் வரும். லாண்டிஸும் கோக்கும் 1977-இல் கொடுத்த அளவுகோலில் 0.61 முதல் 0.80 வரை கணிசமான ஒப்புதல். அந்த எல்லைகள் தங்கள் விருப்பப்படி வைத்தவை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 0.29-ஐப் பார்த்ததும் ஏட்டைத் தூக்கி எறிய வேண்டாம். 92 சதவீதத்தைப் பார்த்து நிம்மதியும் அடைய வேண்டாம். அந்த 8 இடங்களைத் திறந்து படியுங்கள். இருவரும் சேர்ந்து கண்டது இரண்டே இடம் என்பது உண்மையான சிக்கல்தான்.

படிக்கும்போது மூன்று வகையில் ஏதாவது ஒன்று தெரியவரும்.

ஒருவர் ஒரு வாக்கியத்தைக் குறித்திருப்பார், மற்றவர் பத்தி முழுவதையும் குறித்திருப்பார். இது கருத்து வேறுபாடே இல்லை, அளவு வேறுபாடு. குறியிடும் முன்பே உரையைப் பகுதிகளாக வெட்டி இருவருக்கும் ஒரே வெட்டைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். நேர்காணலில் ஒரு கேள்வியும் அதற்கான பதிலும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வது வசதி.

அல்லது, குறியீட்டின் வரையறை தளர்வாக இருக்கும். கேத்லீன் மெக்குவீனும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட குறியீட்டு ஏட்டு அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது: பெயர், சுருக்க வரையறை, முழு வரையறை, எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக் கூடாது, எடுத்துக்காட்டு. இதில் ஐந்தாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிரச்சினையைத் தீர்ப்பதும் அதுவேதான். 'குழுவிடம் மறைத்தல்: தவணை தாமதமானதைச் சொல்லாமல் விட்டதற்கு இதைப் போடாதீர்கள், கடன் பணம் யார் கையில் என்பதை மறைத்தால் மட்டும் போடுங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த எட்டில் பல இடங்கள் அடுத்த சுற்றில் ஒத்துவரும்.

மூன்றாவது வகைதான் மதிப்புமிக்கது. வரையறை தெளிவு, வெட்டும் ஒன்று, இருந்தும் இருவரும் வேறு வேறாகப் படித்திருக்கிறீர்கள். குறியிடுபவர்களில் திருமணமான பெண் ஒருவர் "சொல்லி என்ன ஆகப்போகுது" என்பதை மறைத்தலாகப் படிக்கிறார். திருமணமாகாத ஆண் அதைக் கைவிடுதலாகப் படிக்கிறார். பெரியவர் ஒருவர் வந்து இதுதான் சரி என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டால் ஒரு நல்ல கண்டுபிடிப்பு அங்கேயே செத்துவிடும். இரண்டு வாசிப்பையும் மெமோவில் எழுதி, மற்ற நேர்காணல்களில் எது தாங்குகிறது என்று பாருங்கள்.

திருத்திய ஏட்டை, ஏற்கெனவே பேசித் தீர்த்த அதே நேர்காணலில் சோதித்துவிட்டு எண் உயர்ந்துவிட்டது என்று மகிழக் கூடாது. புதிய நேர்காணலில் சோதியுங்கள். மூன்று நான்கு பேர் குறியிடுகிறார்கள் என்றால் காப்பாவுக்குப் பதில் கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபா பொருத்தம். அவர் 0.80-ஐ எதிர்பார்க்கிறார், 0.667 வரை தற்காலிக முடிவுகளுக்கு மட்டும் ஏற்கலாம் என்கிறார்.

அறிகுறி: முதல் நேர்காணலில் போட்ட குறியீட்டுக்கும் கடைசியில் போட்டதற்கும் பொருள் மாறிவிட்டது

இது நடக்கத்தான் செய்யும். படிக்கப் படிக்க உங்கள் புரிதல் வளர்கிறது. முதல் மூன்று நேர்காணல்களைக் கடைசியில் மறுபடி குறியிடுங்கள், அவ்வளவுதான். அதற்கு நேரம் ஒதுக்காமல் கால அட்டவணை போடுவதுதான் தவறு. குறியீட்டின் வரையறையை மாற்றும்போதெல்லாம் தேதியோடு ஒரு வரி மெமோ எழுதி வைத்தால், எதை மறுபடி பார்க்க வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது.

அறிகுறி: கருப்பொருள்கள் நேர்காணல் கேள்விகளின் நகலாக இருக்கின்றன

கேள்வித்தாளில் 'கடன் வாங்கிய காரணம்', 'கடனைப் பயன்படுத்திய விதம்', 'திருப்பிச் செலுத்துவதில் சிரமங்கள்' என்று மூன்று பிரிவுகள். அறிக்கையிலும் அதே மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் "சிலர் இப்படிச் சொன்னார்கள், வேறு சிலர் அப்படிச் சொன்னார்கள்." பிரவுனும் கிளார்க்கும் இதைக் கருப்பொருள் என்று ஏற்பதில்லை, பொருள்வாரிச் சுருக்கம் என்கிறார்கள்.

கருப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தை ஒருவரால் மறுக்க முடியுமா? 'திருப்பிச் செலுத்துவதில் சிரமங்கள்' என்பதை மறுக்க எதுவும் இல்லை, அதில் எந்தக் கூற்றும் இல்லை. 'தவணையைத் தவறாமல் கட்டுவதே, பணம் தன் கையில் இல்லை என்பதை மறைக்கும் வழியாகிறது' என்பதை மறுக்கலாம். "அப்படியா, எந்தப் பெண் அப்படிச் சொன்னார்? அப்படி இல்லாத குடும்பங்கள் எத்தனை?" என்று கேட்கலாம். கேட்டால் தரவுக்குள் போய்ப் பதில் தேடலாம். கருப்பொருளுக்கு வேண்டியது இந்த உறுதி.

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? 'மிச்சம் பிடித்துத் தவணை கட்டுதல்', 'குழுவிடம் மறைத்தல்' என்ற இரண்டு குறியீடுகளும் ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்ததைக் கவனித்ததால் வந்தது. குறியீடுகளைத் தலைப்பு வாரியாகக் கூட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு, எது எதோடு சேர்ந்து வருகிறது, எது வந்தால் எது வருவதில்லை என்று பாருங்கள். குறியீடுகளே தலைப்புகளாக இருந்தால் இந்த வேலை நடக்காது. முதல் அறிகுறிக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்புறம், 'கருப்பொருள்கள் தரவிலிருந்து தாமாக வெளிப்பட்டன' என்று எழுதாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து உழைத்து உருவாக்கியவை அவை.

அறிகுறி: ஒரே ஒருவர் எல்லாவற்றுக்கும் எதிராகப் பேசியிருக்கிறார்

பாஸ்புக்கைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் சிரித்துவிட்டு, "அவருக்கு எவ்வளவு கடன் இருக்குன்னே தெரியாது, எல்லாம் நான்தான் பாக்குறேன்" என்கிறார். இவரை 'மற்றவை' என்ற குறியீட்டில் தள்ளிவிட ஆசை வரும். தயவுசெய்து தள்ளாதீர்கள். இவரிடம் என்ன வேறுபடுகிறது? தனி வருமானமா, கணவர் வெளியூரிலா, கணக்கு வழக்குக் கற்ற குழுத் தலைவியா? இவரையும் சேர்த்து உங்கள் கருப்பொருளைத் திருத்தி எழுத முடிந்தால் அது பல மடங்கு உறுதியாகும்.

அறிகுறி: போதுமா, இன்னும் நேர்காணல் எடுக்க வேண்டுமா என்று தெரியவில்லை

புதிய நேர்காணல்கள் புதிதாக எதையும் தராத நிலைக்குச் 'செறிவுநிலை' என்று பெயர். இந்தக் கருத்தை கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்தபோது எந்த எண்ணையும் சொல்லவில்லை. இப்போது எல்லாரும் '12 நேர்காணல் போதும்' என்று எழுதுகிறார்கள். அது கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களில், பெரும்பாலான குறியீடுகள் முதல் 12-க்குள் வந்துவிட்டதைக் கண்டார்கள். ஒரே தன்மையுள்ள ஆட்கள், குறுகிய கேள்வி, எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகள். உங்கள் ஆய்வில் தலித் குடியிருப்பும் ஊர்த்தெருவும், தலைவியும் உறுப்பினரும் கலந்திருந்தால் அந்த 12 உங்களுக்குப் பொருந்தாது.

ஹென்னிங்க் முதலியோர் 2017-இல் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள். அவர்களுடைய 25 நேர்காணல்களில் புதிய குறியீடுகள் வருவது 9-லேயே குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் குறியீடுகளின் முழுப் பொருள் புரிய 16 முதல் 24 வரை தேவைப்பட்டன. ஆகவே ஒவ்வொரு நேர்காணலுக்கும் எத்தனை புதிய குறியீடுகள் வந்தன என்று எக்ஸெல்லில் குறித்துக்கொண்டே வாருங்கள். அது தட்டையான பிறகும் முக்கியமான மூன்று நான்கு குறியீடுகளைப் பற்றி ஒவ்வொரு புதிய நேர்காணலும் ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்ய, எடுத்து முடித்துவிட்டுக் குறியிடாமல், எடுக்க எடுக்கவே குறியிட்டாக வேண்டும்.

அறிகுறி: செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தேன், அழகான கருப்பொருள்கள் வந்துவிட்டன

அழகாக இருப்பதே எச்சரிக்கை. அது தந்த ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் தேடுங்கள். யாரும் சொல்லாத வாக்கியம் மேற்கோள் குறிக்குள் வந்து நிற்கலாம். கருப்பொருள்கள் எந்தக் கடன் ஆய்வுக்கும் பொருந்துமாறு பொதுவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 'அதிகாரம் பெறுதல்', 'நிதிச் சவால்கள்' என்று வந்திருந்தால் அவை உங்கள் தரவிலிருந்து வந்தவைதாமா என்றே சொல்ல முடியாது. அதைவிட முக்கியம்: உங்களிடம் பேசிய பெண்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டபோது, தங்கள் பேச்சு ஒரு நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகும் என்பதற்கு ஒப்புக்கொண்டார்களா? படிவத்தில் அது இல்லை என்றால் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: கைடு 'எத்தனை சதவீதம்?' என்று கேட்கிறார்

எண்ணிக்கை தரலாம். ஆனால் எத்தனை இடங்களில் வந்தது என்பதைத் தவிர்த்து, எத்தனை பேரிடம் வந்தது என்று கொடுங்கள். ஒரே பெண் பதினைந்து முறை சொன்னது பதினைந்து பேர் சொன்னதாகிவிடாது. 20 பேர் உள்ள ஆய்வில் '35 சதவீதம்' என்று எழுதாமல் '20 பேரில் 7 பேர்' என்று எழுதினால் யாரும் அதை ஊர் முழுவதற்கும் விரித்துப் பொருள்கொள்ள மாட்டார்கள்.

அறிகுறி: பெயரை மாற்றிய பிறகும் ஆளைக் கண்டுபிடித்துவிட முடிகிறது

'குழுத் தலைவி, கைம்பெண், 52 வயது, பால் வியாபாரம்' என்று மேற்கோளுக்குக் கீழே போட்டால், அந்த ஊரில் அது ஒரே ஒருவராகத்தான் இருக்கும். குழுவிடம் மறைத்ததாக அவர் சொன்னதை அதே குழுவினர் படிக்க நேரலாம். மேற்கோளின் பொருளைப் புரிந்துகொள்ள எந்த விவரம் தேவையோ அதை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். வயதைச் சரியாகச் சொல்லாமல் '50-களில் இருப்பவர்' என்று சொல்லலாம். கோப்புப் பெயர்கள், குறியீட்டுப் பெயர்கள், மெமோக்கள் எல்லாவற்றிலும் உண்மைப் பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். மேலே சொன்ன எழுத்துச் சிக்கலை இங்கேயும் மறக்க வேண்டாம்: 'செல்வம்' என்ற பெயரைத் தேடி மாற்றியிருந்தாலும் 'செல்வத்துக்கு', 'செல்வத்தோட' என்பவை அப்படியே இருக்கும். கடைசி முறை கண்ணால் படித்துத்தான் நீக்க வேண்டும்.